மலைநகரங்களில் எரிவாயுக் கசிவு: உயிரைக் காப்பதும் பொறுப்பை நிலைநாட்டுவதும்

உதகையிலும் கொடைக்கானலிலும் உறைபனிக் காலம் தொடங்கிவிட்டால் விடுதி அறைகளின் ஜன்னல்கள் பகலில்கூடத் திறக்கப்படுவதில்லை. சமவெளியிலிருந்து வந்த விருந்தினர்கள் கதவிடுக்கில் துண்டைச் செருகிவிட்டுப் படுக்கிறார்கள். கடைக்காரர்கள் குளிர்காற்று உள்ளே வராதபடி தார்ப்பாய் கட்டிக்கொள்கிறார்கள். காற்றோட்டம் இல்லாத இத்தகைய இடங்களில் சிலிண்டர் கசிந்தாலோ, கரியடுப்புக் கணப்பு எரிந்தாலோ, குளியலறைக்குள் கேஸ் கீசர் ஓடினாலோ விளையும் ஆபத்து, அதே பொருள் சமவெளியில் விளைவிக்கும் ஆபத்தைவிடக் கூடுதலானது. விடுதி, தேநீர்க் கடை, திருமண மண்டபம், சந்தைக் கடைவரிசை என மக்கள் வந்துபோகும் இடங்களில் கசிவு நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும், யார் பொறுப்பு, அந்தப் பொறுப்பை எவ்வாறு நிலைநாட்டுவது என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது.

முதலில் மனத்தில் இருத்த வேண்டியது, வாயு ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதே. கதவைத் திறந்த சிறிது நேரத்தில் அறையிலிருந்தும், சில மணி நேரத்தில் பாதிக்கப்பட்டவரின் இரத்தத்திலிருந்தும் அது மறைந்துவிடுகிறது. காவல்துறையினர் வரும்போது அறையில் ஒன்றும் இருக்காது. மறுநாள் எடுத்த இரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஆகவே நோயாளி பிழைப்பதும், பின்னர் இழப்பீடு கிடைப்பதும் பெரும்பாலும் அந்த முதல் சில மணி நேரத்தைப் பொறுத்தவை.

எந்த வாயு என்று தெரிந்துகொள்ளுதல்

சமையல் எரிவாயு புரொபேனும் பியூட்டேனும் கலந்த திரவம். இயல்பில் அதற்கு மணமில்லை என்பதால், கசிவை மூக்கு அறிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றமுள்ள பொருளைச் சேர்க்கிறார்கள். காற்றில் ஏறத்தாழ 2 சதவீதம் கலந்தாலே தீப்பற்றக்கூடிய இந்த வாயு காற்றைவிடக் கனமானது. எனவே மேலே எழாமல் தரையோடு படர்ந்து பள்ளத்தை நோக்கி ஓடும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் ஒரு வீட்டின் கூரை மட்டத்தில் அடுத்த வீட்டின் வாசல் இருக்கும்படி சரிவில் கட்டப்பட்ட கட்டடங்களில் இதன் பொருள் தெளிவானது: மேல் கடையில் கசியும் வாயு படிக்கட்டு வழியாகவும் சாக்கடை வழியாகவும் இறங்கிக் கீழ் வீட்டின் அடுப்படியில் சேரலாம். தீப்பற்றும் இடமும் கசிந்த இடமும் வேறு வேறாக இருக்கும் என்பதால், பின்னர் யார் பொறுப்பு என்ற கேள்வியும் இங்கிருந்தே சிக்கலாகத் தொடங்குகிறது.

மலைப்பகுதிக்கே உரிய இன்னொரு பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். பியூட்டேன் ஏறத்தாழப் பூஜ்யம் டிகிரி வெப்பத்தில்தான் ஆவியாகும் என்பதால், உதகையின் குளிர்கால விடியலில் சிலிண்டரில் எரிவாயு இருந்தும் அடுப்பில் சுடர் எழும்பாது. உடனே சிலிண்டரின் மேல் வெந்நீர் ஊற்றுவதையும், வெந்நீர் நிரப்பிய பாத்திரத்தில் அதை நிறுத்துவதையும், சரித்தோ படுக்க வைத்தோ பயன்படுத்துவதையும் பல கடைகளில் காணலாம். படுத்த சிலிண்டரிலிருந்து ஆவிக்குப் பதிலாகத் திரவமே குழாயில் இறங்கும். அந்தத் திரவம் வெளியேறினால் ஆவியாகி இருநூறு மடங்குக்கும் மேல் விரியும். விபத்துக்குப் பின் இப்பழக்கத்தை அக்கம்பக்கத்தவர் ஒருவர் எடுத்துச் சொன்னாலும் கவனக்குறைவை நிரூபிக்க அது வலுவான சான்றாகும்.

கார்பன் மோனாக்சைடு இதைவிட மோசமான எதிரி. நிறமும் மணமும் இல்லாத அதை மூக்கால் அறிய வழியே இல்லை. சிலிண்டர் சரியாக இருந்தாலும், போதிய காற்றின்றி எரியும் கீசரும் ஹீட்டரும் கரியும் அதை உண்டாக்குகின்றன. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் சேர்ந்துகொள்கிறது. கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் உள்ள உதகையிலும், ஏறத்தாழ 2,100 மீட்டரில் உள்ள கொடைக்கானலிலும், கடற்கரையில் கிடைக்கும் ஆக்சிஜனில் சுமார் நான்கில் மூன்று பங்குதான் கிடைக்கிறது. அடுப்பும் குறைந்த காற்றில் எரிகிறது, உடலும் குறைந்த ஆக்சிஜனில் இயங்குகிறது. எனவே நஞ்சு விரைவாகவே தன் வேலையைக் காட்டிவிடும். சூடு ஆறியதுபோல் தோன்றும் கரித்தணலும் இந்த வாயுவை வெளிவிடும் என்பதால், வாசலில் எரிந்து முடிந்த குளிர்காயும் சட்டியை அறைக்குள் எடுத்து வருவதும் ஆபத்தே.

இதன் அறிகுறிகளான தலைவலி, குமட்டல், தலைசுற்றல், சோர்வு ஆகியவை கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வந்தவர்களுக்கு இயல்பாகவே ஏற்படக்கூடியவை என்பதுதான் இங்குள்ள பெரும் தொல்லை. மலையேறிய மயக்கம் என்றும், வழியில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றும் எண்ணி, குடும்பமே மறுபடி அதே அறையில் படுத்துவிடுகிறது. ஓர் அறையில் இருந்த பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்தால், காய்ச்சல் இல்லாமல் இருந்தால், வெளியே வந்ததும் தெளிந்தால் அது வாயுவாக இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

விடுதிகளின் கழிவுநீர்த் தொட்டிகளில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் உடையது. ஆனால் செறிவு மிகுந்தால் மோப்ப நரம்பையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று தொட்டிக்குள் இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவர்களும் அடுத்தடுத்து இறப்பது இதனால்தான். குடிநீர்ச் சுத்திகரிப்பில் பயன்படும் குளோரினும் காற்றைவிடக் கனமானது. கண்ணையும் நுரையீரலையும் எரிக்கும்.

முதல் நிமிடங்கள்

சமையல் எரிவாயு நாற்றம் அடித்தால் எந்த மின்விசையையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலுமே பொறி உண்டாகும். கைக்கு எட்டினால் ரெகுலேட்டரை மூடிவிட்டு, கதவு ஜன்னல்களைத் திறந்து, எல்லோரையும் வெளியேற்ற வேண்டும். சரிவான இடத்தில் பள்ளத்தை நோக்கி ஓடாமல் மேட்டை நோக்கியோ, காற்றுக்குக் குறுக்காகவோ விலக வேண்டும். கீழ் வரிசையில் இருப்பவர்களுக்குக் குரல் கொடுத்து அடுப்பை அணைக்கச் சொல்ல வேண்டும். கைபேசியை வெளியே தள்ளி வந்த பிறகே எடுத்து, எரிவாயுக் கசிவுக்கென 24 மணி நேரமும் இயங்கும் 1906, தீயணைப்புக்கு 101 அல்லது 112, ஆம்புலன்சுக்கு 108 ஆகிய எண்களை அழைக்க வேண்டும். இந்த அழைப்புகளின் நேரம் கைபேசியிலும் கட்டுப்பாட்டு அறையிலும் பதிவாகிவிடுவதால், எப்போது தெரியவந்தது என்பதற்கு அதைவிட நம்பகமான சான்று பின்னர் கிடைப்பது அரிது.

கழிவுநீர்த் தொட்டிக்குள் மயங்கியவரைத் தூக்க, மூச்சுக் கருவி அணிந்த தீயணைப்பு வீரர் தவிர வேறு யாரும் இறங்கக் கூடாது. மனம் கேட்காது என்பது உண்மைதான். ஆயினும் இறங்கினால் இழப்பு இரண்டாகும்.

மருத்துவமனையில் கேட்டுப் பெற வேண்டியவை

கார்பன் மோனாக்சைடு சந்தேகம் இருந்தால் அதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இந்த நஞ்சையும் ஆக்சிஜனாகவே எண்ணி 98, 99 என்று காட்டும். அந்த எண்ணை நம்பி வீட்டுக்கு அனுப்பப்படும் அபாயம் உண்டு. கார்பாக்சி ஹீமோகுளோபின், அதாவது இந்த நஞ்சு சேர்ந்த ஹீமோகுளோபின், அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனையே உண்மையைச் சொல்லும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இந்த அளவு நான்கைந்து மணி நேரத்திலும், முகமூடி வழியே முழு ஆக்சிஜன் கொடுத்தால் 60 முதல் 90 நிமிடங்களிலும் பாதியாகக் குறைந்துவிடும். சிகிச்சையைத் தாமதப்படுத்தாமல், ஆக்சிஜன் தொடங்கும்போதே இரத்தமும் எடுத்து, எடுத்த நேரத்தையும் குறிப்பில் எழுதச் சொல்ல வேண்டும். அங்கே அந்தப் பரிசோதனை வசதி இல்லையென்றால், கோவைக்கோ மதுரைக்கோ மலையிறங்கும் முன்பே மாதிரியை எடுத்து உடன் அனுப்பக் கேட்கலாம். இறங்கும் நேரத்திலேயே பாதிச் சான்று கரைந்துவிடும். கர்ப்பிணிகள் தெளிவாக இருந்தாலும் அவர்களைக் கண்காணிப்பில் வைக்க வேண்டும். வயிற்றிலுள்ள குழந்தைக்கு இந்த நஞ்சு தாயைவிட அதிகத் தீங்கு செய்யும்.

அவசரச் சிகிச்சையை, காவல்துறை வரட்டும் என்று சொல்லி எந்த மருத்துவமனையும் மறுக்க முடியாது; பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. விபத்துப் பதிவேட்டில், அதாவது வழக்கமாக ஏ.ஆர். என்று சொல்லப்படும் பதிவில், ‘மயக்கம்’ என்று மட்டும் எழுதாமல், எந்த இடத்தில், எந்த அடுப்போ கீசரோ இருந்த அறையில், எத்தனை மணி நேரம் இருந்தார் என்பதையும் எழுதச் செய்து நகல் பெற வேண்டும்.

நலமாகி வீடு திரும்பியவருக்குச் சில நாட்களோ சில வாரங்களோ கழித்து மறதி, நடைத் தடுமாற்றம், மனநிலை மாற்றம் போன்றவை தோன்றக்கூடும் என்பதை மருத்துவ உலகம் நன்கு அறிந்திருக்கிறது. ஆகவே, மறுநாள் காலையிலேயே அறை வாடகையைத் திருப்பிக் கொடுத்து, மேலும் ஒரு தொகையையும் நீட்டி, ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற தாளில் கையெழுத்துக் கேட்கும் நிர்வாகத்திடம் கையெழுத்திடுவது அறிவீனம். குறைந்தது இரண்டு மாதமாவது கழித்து, நரம்பியல் மருத்துவரின் கருத்தைப் பெற்ற பிறகே எந்தச் சமரசத்தையும் பேசலாம்.

சான்றுகளைக் காத்தல்

வாயு போய்விட்டாலும் கருவிகள் இருக்கும். சிலிண்டர், ரெகுலேட்டர், குழாய், கீசர் ஆகியவற்றை ஏஜென்சி ஆளோ விடுதி ஊழியரோ எடுத்துச் செல்லும் முன், காவல்துறையினர் மகஜர், அதாவது சாட்சிகள் முன் எழுதும் கைப்பற்றுப் பட்டியல், எழுதிக் கைப்பற்றும்படி எழுத்து மூலம் கேட்க வேண்டும். புகைப்படம் எடுக்கும்போது சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் உள்ள எழுத்தும் ஆண்டும், எடுத்துக்காட்டாக ‘பி’ என்று தொடங்கும் குறி, தெளிவாகத் தெரிய வேண்டும்: ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை என அடுத்த சோதனை எந்தக் காலாண்டில் செய்யப்பட வேண்டும் என்பதை அது காட்டுகிறது. குழாயின் மேல் அச்சிடப்பட்ட ஆண்டு, வீட்டு உபயோகச் சிலிண்டரா 19 கிலோ வணிகச் சிலிண்டரா என்பது, அறையில் காற்றுப்போக்கிகள் அடைக்கப்பட்டிருந்தனவா என்பது, கீசரின் புகைக்குழாய் வெளியே செல்கிறதா என்பது ஆகிய நான்கும் படத்தில் இடம்பெற வேண்டும். படம் எடுத்த கைபேசியை விற்றுவிடவோ, மூலக் கோப்பை அழித்துவிடவோ கூடாது. மின்னணுச் சான்றை நீதிமன்றம் ஏற்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும்.

யார் பொறுப்பு

1984ஆம் ஆண்டு போபால் விஷவாயுப் பேரழிவின் பெயரைச் சொல்லித் தேநீர்க் கடை மீது மனு எழுதுகிறவர்கள் உண்டு; அது வழக்குக்கு உதவாது. டெல்லியில் 1985 டிசம்பரில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் என்ற கந்தக அமில வாயு கசிந்ததை ஒட்டி எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல் வகுத்த முழுப் பொறுப்புக் கோட்பாடு, ஆபத்தான தொழிலை நடத்தும் நிறுவனங்களுக்கு உரியது. அத்தகைய நிறுவனம், தான் எல்லாக் கவனமும் எடுத்துக்கொண்டதாகச் சொல்லித் தப்ப முடியாது. அம்மோனியா நிறைந்த குளிர்பதனக் கிடங்கு, எரிவாயு நிரப்பும் நிலையம் போன்றவை இந்த வரம்பில் வரும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010இன் 17ஆம் பிரிவும், ஆபத்தான பொருள்களைக் கையாளும்போது நேரும் விபத்தில் தவறை நிரூபிக்காமலே இழப்பீடு பெற வழி செய்கிறது. விசாகப்பட்டினத்தில் 2020 மே 7 அன்று ஒரு ஆலையிலிருந்து ஸ்டைரீன் என்ற நச்சு வாயு கசிந்தபோது, அந்த நிறுவனம் 50 கோடி ரூபாயை இடைக்காலமாகச் செலுத்த அத்தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

விடுதியும் உணவகமும் வேறு அளவுகோலில் நிறுத்தப்படுகின்றன. அங்கே கவனக்குறைவையோ சேவைக் குறைபாட்டையோ காட்ட வேண்டும். ஆனால் அது கடினமன்று. உணவகத்தில் வீட்டு உபயோகச் சிலிண்டரைப் பயன்படுத்துவது எரிவாயு விநியோக ஆணை 2000க்கு எதிரானது. உரிமம் இல்லாமல் 100 கிலோவுக்கு மேல் சமையல் எரிவாயுவைச் சேமிப்பது எரிவாயு உருளை விதிகள் 2016க்கு எதிரானது. அதாவது, 19 கிலோ சிலிண்டர்கள் ஐந்து வரை வைக்கலாம், ஆறாவது வந்தால் வரம்பு மீறியாயிற்று. திருமண மண்டபங்களின் சமையற்கூடங்கள் சீசன் நாட்களில் இந்த வரம்பை எளிதில் தாண்டிவிடுகின்றன. ‘விருந்தினர் தம் சொந்தப் பொறுப்பில் பயன்படுத்த வேண்டும்’ என்ற பலகையும் நிர்வாகத்தைக் காப்பாற்றாது. தாஜ் மகால் ஓட்டல் வழக்கில் 2019இல், கார் நிறுத்தும் சீட்டில் அச்சிட்ட இத்தகைய வாசகத்தைக் காட்டி ஓட்டல் தன் கவனக்குறைவிலிருந்து விலகிக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

உரிமம் வழங்கிய அலுவலகத்தையும் சேர்த்து வழக்காட வேண்டும் என்ற எண்ணம் இயல்பானது. டெல்லி உபகார் திரையரங்கில் 1997 ஜூன் 13 அன்று புகையில் மூச்சுத் திணறி 59 பேர் இறந்த வழக்கில், 2011இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டில் 85 சதவீதத்தைத் திரையரங்கு உரிமையாளர் மீதும் 15 சதவீதத்தை மின் வாரியத்தின் மீதும் சுமத்தி, மாநகராட்சியையும் உரிமம் வழங்கிய அதிகாரியையும் விடுவித்தது. கட்டடத்தை நடத்துபவரையே முதன்மை எதிர்மனுதாரராகக் கொள்வது நல்லது. வால்வு பழுதென்று தெரிந்தால் எண்ணெய் நிறுவனத்தையும், கீசர் பழுதென்றால் அதைத் தயாரித்தவரையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் தயாரிப்புப் பொறுப்பு அத்தியாயத்தின் கீழ் சேர்க்கலாம்.

குற்ற வழக்கு தனித் தடம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு கவனக்குறைவால் மரணம் விளைவித்தவருக்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கிறது. தீ அல்லது எரியும் பொருளில் கவனக்குறைவு 287ஆம் பிரிவிலும், நச்சுப் பொருளில் கவனக்குறைவு 286ஆம் பிரிவிலும், உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் செயல் 125ஆம் பிரிவிலும் வருகின்றன. சொந்த ஊர் திரும்பிய பிறகும், அங்குள்ள காவல் நிலையத்திலேயே முதல் தகவல் அறிக்கை பதிந்து மலைக்கு அனுப்பி வைக்க குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173ஆம் பிரிவு இடமளிக்கிறது.

கழிவுநீர்த் தொட்டி மரணத்தில், 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. பாதுகாப்புக் கருவியின்றித் தொழிலாளரைத் தொட்டிக்குள் இறக்குவதே கையால் கழிவகற்றும் பணியைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதை விடுதி உரிமையாளர்கள் அறிந்திருக்க வேண்டும்.

எங்கே, எதற்குள்

பணம் கொடுத்துத் தங்கியவரும் சாப்பிட்டவரும் நுகர்வோர்; இரண்டு ஆண்டுகளுக்குள், தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தாக்கல் செய்யலாம். எனவே உதகையில் பாதிக்கப்பட்ட திருநெல்வேலிக்காரர் உதகை ஆணையத்துக்கு ஏற வேண்டிய தேவையில்லை. வழிப்போக்கரும் கீழ்வீட்டுக்காரரும் நுகர்வோர் அல்லர் என்பதால் உரிமையியல் நீதிமன்றத்தை அணுக வேண்டும்; மரணம் நேர்ந்தால் 1855ஆம் ஆண்டு மரண விபத்துச் சட்டத்தின் கீழான வழக்குக்கு இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளே காலவரம்பு. பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் இழப்பீடு கோர ஐந்து ஆண்டுகள் உள்ளன.

எரிவாயுவே முதற்காரணமாகத் தீ நேர்ந்த விபத்துகளுக்கு எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்துள்ள காப்பீடு வேறு. வாடிக்கையாளரிடம் பிரீமியம் பெறாமலே நடைமுறையில் உள்ள இதில் மரணத்துக்கு 6 லட்சம் ரூபாயும், காயமடைந்த ஒருவருக்கு 2 லட்சம் வரை மருத்துவச் செலவும் உண்டு. இதற்கு விநியோகஸ்தருக்கு உடனே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். கணப்புப் புகையால் மயங்கியவருக்கு இந்தக் காப்பீடு பொருந்தாது.

விபத்து நேரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடைத்த அறையில் கேஸ் ஹீட்டர் வைத்து விடும் விடுதியைப் பற்றியோ, குடியிருப்பின் மேல் சிலிண்டர்களை அடுக்கும் கடையைப் பற்றியோ பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152ஆம் பிரிவின்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால், அவர் அதை அகற்ற நிபந்தனை உத்தரவு பிறப்பிக்கலாம். நீலகிரியில் உதகை, குன்னூர், கூடலூர் கோட்டங்களிலும், பழநி மலையில் கொடைக்கானல் கோட்டத்திலும் அலுவலகங்கள் உள்ளன. மனுவின் நகலில் தேதியிட்ட ஒப்புகை முத்திரை பெற்று வைத்தால், பின்னர் விபத்து நேர்ந்தபோது உரிமையாளர் ஆபத்தை அறியாதவர் அல்லர் என்பதற்கு அதுவே சான்றாகும்.

வழக்கறிஞருக்குச் செலவிட இயலாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர்கள், தொழிற்சாலைப் பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி வருமானம் பாராமல் இலவச உதவி உண்டு. உயர் நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தால், நீலகிரி வழக்குகள் சென்னைக்கும், திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த கொடைக்கானல் வழக்குகள் மதுரைக் கிளைக்கும் செல்லும்.